பிடிபட்ட கப்பலை என்ன செய்வது?

நடு சமுத்திரத்தில் போதைச் சரக்கு ஏற்றிச் சென்ற கள்ளக் கப்பல் ஒன்றைக் கடற்படையார் வளைத்துப் பிடித்தார்கள் என்று பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் செய்தி வருகிறது. பக்கத்திலேயே, மூட்டைகளை அடுக்கி வைத்து அவற்றின் பின்னால் உத்தியோகஸ்தர்கள் நிமிர்ந்து நிற்கும் படமும் வருகிறது. "பலே!" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். கதை அத்துடன் முடிந்துவிட்டதாகவே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் யானையைப் பிடிப்பது ஒரு வேலை. பிடித்த யானையைக் கட்டித் தீனி போடுவது வேறு வேலை. முதலாவதில் வீரம் உண்டு, வெடிச் சத்தம் உண்டு. இரண்டாவதில் கணக்குப் புத்தகமும், கயிறும், வக்கீல்களுமே உண்டு. சர்க்கார்கள் தடுமாறுவது அநேகமாக இந்த இரண்டாவது வேலையில்தான்.

சாலையில் ஒரு கள்ளச் சரக்கு வண்டியைப் பிடித்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிடலாம். மழையில் நனையும், வெயிலில் காயும், அவ்வளவுதான். கப்பலின் விஷயம் அப்படியல்ல. அதைக் கவனியாமல் விட்டால் அது மூழ்கும். அல்லது காற்றில் இழுபட்டு வேறு கப்பல் மீது மோதும். அதன் வயிற்றில் டன் கணக்கில் எண்ணெய் இருக்கிறது. மேல்தட்டில் முப்பது பேர் பசியோடு நிற்கிறார்கள். எங்கோ ஒரு தேசத்தில் அதற்கு ஒரு முதலாளி இருக்கிறார். இன்னொரு தேசத்தின் கொடி அதன் பின்புறத்தில் பறக்கிறது. இத்தனையையும் முன்கூட்டியே யோசித்து வைக்காமல் ஒரு கப்பலைப் பிடிக்கக் கிளம்புவது புலி வாலைப் பிடித்த கதைதான்.

இதற்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவில் நடந்த "பொங் சு" கப்பலின் விவகாரம். வாசகர்கள் சிறிது பொறுமையுடன் கேட்டால் அதைச் சொல்கிறோம்.

2003-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். ஆஸ்திரேலியாவின் தென் கோடியில் உள்ள விக்டோரியா மாகாணத்தில், லார்ன் என்னும் கடற்கரை ஊருக்குச் சமீபத்தில், ஒரு சரக்குக் கப்பல் கரையை மிகவும் நெருங்கி வந்து நின்றது. 106 மீட்டர் நீளம். 3,700 டன்னுக்குச் சற்று மேற்பட்ட கப்பல். வட கொரியர்களுக்குச் சொந்தமானது. ஆனால் அது பறக்கவிட்ட கொடி துவாலு என்ற பசிபிக் தீவு நாட்டின் கொடி. துவாலுவில் உள்ள ஜனத்தொகை முழுவதும் நம் பக்கத்து நடுத்தர ஊர் ஒன்றுக்குக் காணாது. கொடியைக் கடன் வாங்கி ஓட்டும் இந்த ஏற்பாடு கப்பல் தொழிலில் சகஜமானது. சட்ட விரோதமும் அல்ல. ஆயினும் பின்னால் பேச்சு வார்த்தை நடத்த வேண்டி வரும்போது எந்தச் சர்க்காரின் கதவைத் தட்டுவது என்பதை இந்தக் கொடிதான் தீர்மானிக்கிறது.

அன்றிரவு கடலில் கொந்தளிப்பு அதிகம். அதையும் பாராமல் ஒரு ரப்பர்ப் படகில் ஹெராயின் மூட்டைகளை ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். படகு அலையில் கவிழ்ந்தது. அதில் வந்தவர்களில் ஒருவன் மூழ்கி இறந்தான். அவனுடைய சடலம் கடற்கரையிலேயே கிடைத்தது. கரையில் காத்திருந்த கூட்டாளிகளைப் போலீஸார் ஏற்கெனவே கண்காணித்து வந்தார்கள். ஏப்ரல் 16-ஆம் தேதி அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். கைப்பற்றிய ஹெராயின் ஏறக்குறைய 125 கிலோ.

கப்பலோ நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓட்டம் பிடித்தது. துறைமுகத்துக்குத் திரும்பும்படி இட்ட கட்டளையை அது பொருட்படுத்தவில்லை. டாஸ்மேனியாப் போலீஸாரின் சிறு படகுதான் முதலில் அதைத் துரத்தியது. அலைகள் வீடு உயரம் எழும்பும் அந்தக் கடலில், நாலு நாட்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இந்த ஓட்டமும் துரத்தலும் நடந்தன. கடைசியில் "ஸ்டூவர்ட்" என்ற போர்க் கப்பல் சிட்னியிலிருந்து அனுப்பப்பட்டது. ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையன்று, விசேஷப் படை வீரர்கள் சிலர் வேகப் படகுகளிலும், சிலர் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றின் வழியாகவும் பொங் சுவின் மேல்தட்டில் இறங்கினார்கள். அதைச் சிட்னித் துறைமுகத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள்.

நாலு நாள் துரத்துவானேன், ஒரு குண்டு போட்டு நிறுத்தியிருக்கலாகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். அப்படிச் செய்த ஒரு தேசம் பின்னால் தலை குனிய நேர்ந்த கதையும் சரித்திரத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கானடா தேசத்தில் பதிவான "ஐ ஆம் அலோன்" என்ற பாய்க் கப்பல், பிரிட்டிஷ் ஹாண்டுராஸிலிருந்து சாராயம் ஏற்றிக்கொண்டு லூயிசியானாக் கரையோரம் வந்தது. 1929 மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்கக் கரை காவல் படகு ஒன்று அதைக் கண்டு துரத்தத் தொடங்கிற்று. கப்பல் நிற்கவில்லை. இரண்டாம் நாள், வேறொரு திசையிலிருந்து வந்த இன்னொரு காவல் படகு, கரையிலிருந்து இருநூறு மைலுக்கு அப்பால், அதைச் சுட்டு மூழ்கடித்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். கானடா இதைச் சும்மா விடவில்லை. இரு தேசத்துத் தலைசிறந்த நீதிபதிகள் இருவர் பஞ்சாயத்தாக அமர்ந்து விசாரித்து, 1935-ல் தீர்ப்புச் சொன்னார்கள். கப்பலின் உண்மையான எஜமானர்கள் அமெரிக்கக் கள்ள வியாபாரிகளே. ஆகையால் கப்பலுக்கும் சரக்குக்கும் நஷ்ட ஈடு இல்லை. ஆனால் வேண்டுமென்றே மூழ்கடித்தது நியாயமாகாது. அதற்காக அமெரிக்கா கானடாவிடம் மன்னிப்புக் கேட்டு 25,000 டாலர் செலுத்த வேண்டும். மாலுமிகளுக்கும் ஈடு தர வேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம். திருடனைத் துரத்திய காவற்காரன் அபராதம் கட்டிய வினோதம் இது!

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான் சர்வதேச உடன்படிக்கைகள் விவரமாக எழுதப்பட்டன. 1982-ஆம் வருஷத்துக் கடற்சட்ட உடன்படிக்கை, கரையோரக் கடலில் தொடங்கிய துரத்தல் இடையில் அறுபடாமல் தொடர்ந்தால்தான் அப்பாலுள்ள பொதுக் கடலிலும் பிடிக்கலாம் என்கிறது. கப்பல் இன்னொரு தேசத்தின் கரையோரக் கடலுக்குள் புகுந்துவிட்டால் துரத்தல் உரிமை அங்கே நின்றுபோகிறது. டாஸ்மேனியாப் போலீஸ் படகு அந்தப் பேயலைகளிலும் கப்பலை விடாமல் ஒட்டிச் சென்றதன் முக்கியத்துவம் இதிலிருந்து விளங்கும். பிறகு 1988-ல் வியன்னா நகரில் செய்துகொண்ட போதைப் பொருள் உடன்படிக்கை, கொடிக்குரிய தேசத்தின் சம்மதத்தைக் கேட்டுக் கப்பலில் ஏறுவதற்கு வழி வகுத்தது. அவ்விதம் ஏறும்போது கடலில் உள்ளோரின் உயிருக்கும், கப்பலுக்கும், சரக்குக்கும் ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. கப்பலில் வேறு வியாபாரியின் யோக்கியமான சரக்கும் இருக்கலாம் அல்லவா?

ஏறியாகிவிட்டது. இனி முதல் ஒரு மணி நேரம்தான் மிகவும் முக்கியமானது. சுக்கான் பிடிக்கும் மேடையையும் இயந்திர அறையையும் ஒரே சமயத்தில் வசப்படுத்த வேண்டும். ஏனெனில் அகப்பட்டுக்கொண்ட கடத்தற்காரனுக்குக் கடைசி ஆயுதம் கப்பலே. அடிப்பக்கத்தில் கடல் நீர் உள்ளே வரும் குழாய்களின் அடைப்பைத் திறந்துவிட்டால் போதும். கப்பலும் சாட்சியமும் சேர்ந்து பாதாளத்துக்குப் போய்விடும். தீ வைப்பதும் உண்டு. ஆகவே முதலில் ஏறுகிறவர்கள் வீரர்களாக இருந்தாலும், அவர்கள் பின்னாலேயே இயந்திரம் தெரிந்தவர்களும் ஏற வேண்டும்.

பிறகு தலைகளை எண்ண வேண்டும். கப்பலின் பட்டியலில் முப்பது பேர் என்றால் முப்பது பேரும் கண் முன் நிற்க வேண்டும்; ஒருவன் குறைந்தாலும் அவன் எங்கோ ஓர் அறையில் ஏதோ செய்துகொண்டிருக்கிறான் என்று பொருள். கப்பல் தலைவனையும் சமையற்காரனையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசவிடலாகாது. ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரியாக நடத்திவிடவும் முடியாது. இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவனுக்குச் சரக்கு அறையில் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டுமென்று அவசியமில்லை. பொங் சுவின் மாலுமிகளில் பெரும்பாலோருடைய விஷயம் இப்படித்தான் முடிந்தது. அவர்கள்மீது வழக்கு நடத்தப் போதிய சாட்சியம் இல்லையென்று 2004-ல் மாஜிஸ்ட்ரேட் விடுவித்துவிட்டார். அவர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதுவரையில் அவர்களுக்குச் சோறும், மொழிபெயர்ப்பாளரும், வக்கீலும், வைத்தியரும் சர்க்கார் செலவில்தான்.

இதனிடையே காகிதங்கள். பிரயாணக் குறிப்புப் புத்தகம், கடல் வரைபடம், ரேடியோக் கருவி, திசை காட்டும் யந்திரங்கள், கைப்பேசிகள் ஆகிய ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே படம் பிடித்து, உறையிலிட்டு, முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று எழுத வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால், இரண்டு வருஷம் கழித்துப் புத்திசாலியான ஒரு வக்கீல் அந்த இடத்தில் விரலை வைப்பார். எடையிலும் அப்படியே. கடலில் ஆடும் கப்பலில் நிறுத்த எடையும் கரையில் நிறுத்த எடையும் ஒத்துவராது. இந்தச் சில்லறைச் சங்கதிகளில்தான் பெரிய வழக்குகள் தோற்கின்றன.

எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது என்பதும் சின்ன விஷயமல்ல. அருகில் இருப்பது என்பதற்காக ஆழமில்லாத துறையில் நுழைத்தால் கப்பல் தரை தட்டும். கூலிக் கப்பல்கள் வந்து போகும் முக்கியமான மேடையை இதற்கு ஒதுக்கினால் வியாபாரிகள் கூக்குரலிடுவார்கள். ஊருக்கு நடுவே நிறுத்தினால் காவல் போட வேண்டும். அந்நியர் கப்பலாகையால் நோய் பரிசோதனையும், எலி பரிசோதனையும்கூட உண்டு. பொங் சுவை முதலில் சிட்னியில் உள்ள கடற்படைத் துறையில் கட்டினார்கள். பிறகு அதே துறைமுகத்தின் ஒரு மூலையில் உள்ள "ஸ்நெய்ல்ஸ் பே" என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அதாவது, நத்தை விரிகுடா! கோர்ட்டு விவகாரங்கள் நகரும் வேகத்தை அறிந்தவர்கள் யாரோ பொருத்தமாகத்தான் இடம் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே கப்பல் இரண்டு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது. சும்மாவா? நாள் ஒன்றுக்கு 2,500 டாலருக்கு மேல் அதைப் பராமரிக்கச் செலவாயிற்று. நமது வாசகர்களில் குடும்பக் கணக்கு எழுதும் தாய்மார்கள் இதைப் பெருக்கிப் பார்த்தால், வருஷத்துக்கு ஒன்பது லக்ஷம் டாலருக்கு மேல் வருகிறது. எதற்காக இத்தனை செலவு என்றால், துருப் பிடித்த இரும்புக்குள் நாள்தோறும் கசியும் நீரை இறைக்க வேண்டும், கட்டிய கயிறு தேய்ந்தால் மாற்ற வேண்டும், காவலரும் வேண்டும். வழக்கு முடியும் வரை கப்பலே ஒரு சாட்சி. சாட்சியை உயிரோடு வைத்திருந்துதானே தீர வேண்டும்!

வழக்கின் முடிவு என்ன ஆயிற்று? கரையில் பிடிபட்டவர்கள் குற்றவாளிகளாகி நீண்ட சிறைவாசம் பெற்றார்கள். கப்பல் தலைவனும் முக்கிய உத்தியோகஸ்தர் மூவரும் விக்டோரியா உயர் நீதி மன்றத்தில் ஜூரிகள் முன் நிறுத்தப்பட்டார்கள். ஹெராயின் தங்கள் கப்பலில் வந்தது தங்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் பக்ஷத்து வாதம். 2006 மார்ச் மாதம், நால்வரும் குற்றவாளிகள் அல்ல என்று ஜூரிகள் சொல்லிவிட்டார்கள்.

அதே மார்ச் மாதம் 23-ஆம் தேதி பொங் சுவைக் கிழக்குக் கரைக்கு அப்பால் ஆழ் கடலுக்குக் கட்டியிழுத்துச் சென்றார்கள். ஆஸ்திரேலிய ஆகாயப் படையைச் சேர்ந்த எஃப்-111 விமானம், ஒவ்வொன்றும் 2,000 ராத்தல் எடையுள்ள இரண்டு குண்டுகளைப் போட்டது. கப்பல் புகைந்து, பிளந்து, மூழ்கிப்போயிற்று. போதைச் சரக்குக் கடத்துவோருக்கு இது ஓர் எச்சரிக்கை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். விமானிகளுக்கும் நல்ல பயிற்சி கிடைத்தது.

கப்பலை ஓட்டியவர்கள் விடுதலையாகி வீடு போய்ச் சேர, கப்பல் மட்டும் மரண தண்டனை அடைந்தது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இதில் சட்டப் பிசகு இல்லை. மனிதனைத் தண்டிக்க அவன் மனத்தில் குற்றம் இருந்தது ருசுவாக வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்ய அது குற்றத்துக்குக் கருவியாயிற்று என்பது போதும். இரண்டும் தனித் தனி வழக்குகள். ஆயினும் அந்தக் குண்டு வீச்சுக்கு "எச்சரிக்கை" என்று பெயர் கொடுத்ததை நம்மால் அவ்வளவாக ரசிக்க முடியவில்லை. சரக்கை அனுப்பிய பெரிய புள்ளிகள் பழைய கப்பல் ஒன்றைப் பறிகொடுத்ததற்காகக் கண்ணீர் விட்டிருக்கப் போவதில்லை.

வேறு என்ன செய்திருக்கலாம்? ஏலம் போடலாம். ஆனால் இத்தகைய ஏலத்தில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. மலிவு விலையில் பழைய கப்பலைத் தேடுகிறவர்களில் பழைய தொழிற்காரர்களும் இருப்பார்கள். விற்ற கப்பலையே மறுபடியும் பிடிக்க நேரலாம். உடைத்து இரும்பாக விற்கலாம். ஆனால் உடைக்கும் துறைக்குக் கட்டியிழுத்துச் செல்லும் கூலி இரும்பின் விலையை விழுங்கிவிடக் கூடும். மூழ்கடிப்பதானாலும் இஷ்டம்போல் செய்ய முடியாது. கடலில் குப்பை கொட்டுவதைக் கட்டுப்படுத்த 1972-ல் லண்டனில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருக்கிறது. எண்ணெயை வடித்து, விஷப் பொருள்களை அகற்றி, அனுமதி பெற்ற பிறகே கப்பலைக் கடலுக்குப் பலியிடலாம்.

சரக்கை அழிப்பதும் தனிக் கலை. இந்தக் கலையில் உலகம் கண்ட மிகப் பெரிய காரியம் 1839-ல் சீனாவில் நடந்தது. அதில் நம் நாட்டுக்கும் ஒரு வருத்தமான சம்பந்தம் உண்டு. நம் பாட்னாவிலும் காசியிலும் குடியானவர்களைக் கொண்டு கசகசாச் செடி பயிர் செய்வித்து, அபினியாக்கி, கல்கத்தாவில் ஏலம் போட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. அதைக் கப்பலேற்றிச் சீனாவில் கள்ளத்தனமாக இறக்கியவர்கள் வெள்ளை வியாபாரிகள். சீனச் சக்கரவர்த்தியின் விசேஷப் பிரதிநிதியான லின் ஸே-ஷு என்பவர், காண்டன் நகரத்துக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்த கப்பல்களிலிருந்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அபினிப் பெட்டிகளை ஒப்படைக்கச் செய்தார். மொத்தம் ஆயிரம் டன்னுக்கு மேல். எரித்தால் உருகி மண்ணில் இறங்கும். ஜனங்கள் மண்ணைத் தோண்டி எடுப்பார்கள். ஆகவே கடலோரத்தில் பெரிய குழிகள் வெட்டி, நீரும் உப்பும் சுண்ணாம்பும் கலந்து, அபினியை அதில் கரைத்து, கடலுக்குள் ஓட விட்டார். இருபத்து மூன்று நாட்கள் இந்த வேலை நடந்தது. தொடங்குமுன், தங்கள் நீரை இவ்விதம் அசுத்தப்படுத்துவதற்காகக் கடல் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டு அவர் வழிபாடு செய்தாராம். பிடித்த சரக்கை அழிக்கும் திட்டத்தில் மீன்களைப் பற்றியும் யோசித்த அதிகாரி அவர்! இதற்குப் பதில் பிரிட்டிஷ் பீரங்கிகளிடமிருந்து வந்தது. அபினி யுத்தம் என்று சரித்திரம் அதைக் கூறுகிறது.

நம் காலத்தில் அரபிக் கடலில் ரோந்து சுற்றும் பல தேசக் கூட்டுக் கடற்படையினரிடையே ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஆப்கானிஸ்தானத்து ஹெராயினை ஏற்றிக்கொண்டு மரக்கலங்கள் ஆப்பிரிக்கா நோக்கி வருகின்றன. கடற்படையினர் ஏறிச் சோதித்து, சரக்கைக் கைப்பற்றி அழித்துவிட்டு, மரக்கலத்தையும் ஆட்களையும் போகவிட்டு விடுவது உண்டு. 2014 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் "டார்வின்" கப்பல் கென்யாக் கரைக்கு அப்பால் 1,032 கிலோ ஹெராயினை இவ்விதம் பிடித்து அழித்தது. ஆட்களை எந்தத் தேசத்தின் கோர்ட்டில் நிறுத்துவது, யார் செலவில் காவலில் வைப்பது என்ற கேள்விகளுக்கு விடை இல்லாததே அவர்களை விட்டுவிடுவதற்குக் காரணம். யானையைக் கட்ட இடமில்லை. ஆகையால் தந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு யானையை விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் அப்படி விடுவதில்லை. 2024 பிப்ரவரியில் நம் கடற்படையும் போதைப் பொருள் தடுப்பு இலாகாவும் சேர்ந்து குஜராத்துக்கு அப்பால் ஒரு மரக்கலத்தைப் பிடித்தார்கள். அதில் 3,000 கிலோவுக்கு மேல் சரஸ், 158 கிலோ மெதாம்பெடமின், 25 கிலோ மார்பின் இருந்தன. கலத்தையும் அதிலிருந்த ஐவரையும் போர்பந்தர் துறைக்குக் கொண்டு வந்து ஒப்படைத்தார்கள். காந்தியடிகள் பிறந்த ஊரில் இத்தனை போதைச் சரக்கு வந்து இறங்கியது விதியின் விளையாட்டு. நல்ல வேளையாக, போலீஸார் கையில் இறங்கிற்று.

1985-ஆம் வருஷத்து நம் போதைப் பொருள் சட்டத்தில், கப்பலுக்கோ படகுக்கோ சொந்தக்காரர் தப்ப ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது குறுகலான வழி. சொந்தக்காரர், அவருடைய ஏஜண்டு, கலத்தை ஓட்டிச் சென்றவர் ஆகிய மூவருக்குமே விஷயம் தெரியாது என்றும், மூவருமே தக்க ஜாக்கிரதையுடன் நடந்துகொண்டார்கள் என்றும் ருசுப்படுத்த வேண்டும். படகை வாடகைக்கு விட்டுவிட்டுக் கரையில் தூங்குகிற சொந்தக்காரருக்கு இது லேசான காரியமல்ல. கடனுக்கு வாங்கிய ஒரே படகை ஓட்டத் தெரிந்த எவனிடமோ கொடுத்துவிட்ட குடும்பங்கள் நம் கரையோர ஊர்களில் எத்தனையோ உண்டு. ஓட்டிச் சென்றவன் குற்றவாளியாக இருந்தால் சொந்தக்காரருடைய யோக்கியதை படகைக் காப்பாற்றாது.

பொங் சுவைப்போல் வருஷக் கணக்கில் கட்டிவைத்து அழுவதற்கும் நம் சட்டம் ஒரு பரிகாரம் கண்டிருக்கிறது. சரக்கு வழக்கு முடியுமுன்னே களவு போகும், கெட்டுப்போகும், இடத்தை அடைக்கும் என்பதால், 1989-ல் சேர்த்த ஒரு பிரிவு அதை முன்னதாகவே அழிக்க இடம் கொடுத்தது. 2014-ல் அந்தப் பிரிவில் வாகனங்களையும் கலங்களையும் சேர்த்தார்கள். உத்தியோகஸ்தர் ஜாபிதா தயாரித்து மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். மாஜிஸ்ட்ரேட்டின் முன்னிலையில் படம் எடுத்து, சரக்கில் மாதிரியும் எடுத்து, சரியென்று அவர் கையெழுத்திட வேண்டும். பிற்பாடு கோர்ட்டில் அந்த ஜாபிதாவும், படங்களும், மாதிரிப் பொட்டலமுமே மூல சாட்சியமாக நிற்கும். கலம் உடைபட்டு விறகாகிப் போன பிறகும், அரக்கு முத்திரை வைத்த அந்தச் சிறு பொட்டலம் தன் முறைக்காகக் கோர்ட்டு அலமாரியில் காத்துக்கொண்டிருக்கும்.